தசைத் தேய்வு நோயும் வன்னி நாடும்: ஒரு வரலாற்று நோக்கு

வன்னி நாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் குளங்களைப் பற்றி எழுதினர். வன்னிபங்களைப் பற்றி எழுதினர். 1803ஆம் ஆண்டு பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய வீரத்தை எழுதினர். அவையெல்லாம் எழுதப்படவேண்டியவையே. ஆயினும் அக்குளங்களின் கீழ் வயல் விதைத்து, அக்காட்டோரங்களிற் குடியிருந்த மனிதரின் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதினோர் சிலரே. நோயின் வரலாறும் நாட்டின் வரலாற்றுள் அடங்கும் என்பது எமது துணிபு. ஆதலால் இவ்வாண்டு மலரில், நமது ஊர்களில் எல்லோரும் கண்டும் காணாமற் போகும் ஒரு நோயைப் பற்றி எழுத முற்பட்டோம். மூத்தோர் பொறுமையோடும் இளைஞர் கவனத்தோடும் படிப்பார்களாக.

சென்ற நூற்றாண்டுகளில் வன்னியைப் பாழாக்கிய நோய்கள் இரண்டு. ஒன்று பறங்கி நோய். உடலெங்கும் புண்ணாகி எலும்புவரை அரிக்கும் அந்நோயைப் பற்றி, அக்காலத்து அரசாங்கத் தலைமை வைத்திய அதிகாரியான கின்சி என்பவர் 1881இல் ஓர் அறிக்கை எழுதினார். 1895இல் வன்னி மாவட்டங்களுக்கான கைந்நூலை எழுதி வெளியிட்ட லூயிஸ் துரையின் பக்கங்களிலும் காய்ச்சலாலும் பஞ்சத்தாலும் மெலிந்த கிராமங்களின் நிழல் விழுந்திருக்கிறது. மற்றையது மலேரியா. இரண்டும் இன்று நம்மிடம் இல்லை. பறங்கிப் புண் பெனிசிலினுக்குத் தோற்றது. மலேரியாவை 1946ஆம் ஆண்டளவில் வந்த டி.டி.ரி. மருந்து ஒடுக்கத் தொடங்கியது. நீண்ட போராட்டத்தின் பின் 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழ் பின்னர் குடியேற்றங்கள் எழும்பியதன் பின்னணியில் இக்காய்ச்சல் தணிந்த கதையும் உண்டு.

பறங்கி நோய் என்ற பெயரையே சற்று எண்ணிப்பாருங்கள். பறங்கியர் கொண்டுவந்த நோய் என்று நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். பழியைக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவன் தலையில் வைத்தனர். நாம் சொல்லப்போகும் நோய்க்கோ அப்பழி வீட்டுக்குள்ளேயே, அடுப்படியில் நிற்கும் தாயின் தலையில் வைக்கப்பட்டது. இன்றும் வைக்கப்படுகிறது.

அந்த நோய் இவ்வாறு தொடங்கும். ஆண்பிள்ளை பிறக்கிறான். கொழுகொழுவென்று இருக்கிறான். நடப்பதற்குச் சற்றுப் பிந்துகிறான். சில பிள்ளைகள் பிந்தித்தானே நடக்கும் என்று பாட்டி சமாதானம் சொல்கிறாள். மூன்று, நான்கு வயதில் அடிக்கடி விழுகிறான். ஓடச் சொன்னால் ஓடமாட்டான். படியேறக் கை தேடுவான். நுனிக்காலில், வயிற்றை முன்தள்ளி, தாரா நடப்பதுபோல் அசைந்து நடப்பான். கெண்டைக்கால் மட்டும் பருத்துத் திரண்டிருக்கும். பார்ப்பவர் நல்ல பலசாலி வருவான் என்பர். நிலத்தில் இருந்தவனை எழும்பச் சொன்னாற்றான் உண்மை வெளிப்படும். முதலிற் குப்புறத் திரும்பி, கைகளை நிலத்தில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, பின் கையைத் தன் முழங்காலிலும் தொடையிலும் மாறிமாறி வைத்து, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல ஏறி நிமிர்வான். இந்தக் காட்சியை இலண்டன் வைத்தியரான வில்லியம் கவர்ஸ் என்பவர் 1879இல் தம் விரிவுரைகளில் விவரித்தார். இன்றும் வைத்தியர்கள் அதனைக் ‘கவர்ஸ் குறி’ என்றே கூறுவர். கருவி எதுவும் வேண்டாம். பாலர் பாடசாலை ஆசிரியை ஒருவர் பாயில் இருக்கும் பிள்ளை எழும்புவதைக் கவனித்தாலே போதும். இந்த ஒரு பந்தியை மட்டும் எமது வாசகர் நினைவில் வைத்திருப்பாராயின் இக்கட்டுரை எழுதிய பயன் கிட்டிவிடும்.

பத்துப் பன்னிரண்டு வயதளவில் நடை நின்றுவிடும். பின்னர் தோள், கை, முதுகு என்று வலு குறையும். இருபதை அண்மிக்கும்போது மூச்சுத் தசையும் இதயமும் தளரும். அறிவு தெளிவாகவே இருக்கும். சில பிள்ளைகளுக்குப் படிப்பில் சிறு தடை உண்டு. ஆனால் அது தேய்ந்துகொண்டு போவதில்லை. இதுவே தசைத் தேய்வு நோய்களுள் மிகப் பரவலானதும் கடுமையானதுமாகிய ‘டுஷேன்’ வகை. ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண்பிள்ளைகளில் ஒருவருக்கு இது வரும் என்பது உலகக் கணக்கு. சாதி, சமயம், நாடு என்ற பேதம் இதற்கில்லை. தமிழகத்தார் இதனைத் தசைச் சிதைவு என்பர். நம் வைத்தியசாலைத் துண்டுகளில் ஆங்கிலப் பெயரையே எழுதிவிடுவதால், நம் தாய்மார் பலர் தம் பிள்ளையின் நோய்க்குத் தமிழிற் பெயர் உண்டென்பதையே அறியார்.

டுஷேன் யாரென்று சொல்லவேண்டும். பிரான்சின் வடகரையிலுள்ள புலோன் துறைமுகத்திற் கடலோடிகளின் குடும்பத்தில் 1806இற் பிறந்தவர். மனைவியை இளமையில் இழந்தவர். 1842இல் பாரிசுக்குச் சென்று, எந்த வைத்தியசாலையிலும் பதவி பெறாமல், மின்சாரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நோயாளர் விடுதிகள்தோறும் அலைந்தவர். பெரிய பேராசிரியர்கள் முதலில் அவரைக் கண்டு நகைத்தனராம். பின்னர் புகழ்பெற்ற ஷார்கோ என்பவரே அவரைத் தம் ஆசான் என்றார். உயிருள்ள நோயாளியின் தசையிலிருந்து சிறு துணுக்கை எடுக்கும் ஊசியொன்றை அவர் தாமே ஆக்கினார். 1868இல் இந்நோயுற்ற 13 பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையால் நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது.

ஆனால் நியாயமாகப் பார்த்தால் முதன்மை எட்வேட் மெரியோன் என்ற ஆங்கில வைத்தியருக்கே உரியது. அவர் 1851 டிசம்பரில் இலண்டன் வைத்தியச் சங்கமொன்றில் வாசித்த கட்டுரையில், இந்நோய் சில குடும்பங்களில் ஆண்மக்களையே பற்றுகிறது என்றும், முள்ளந்தண்டு நரம்பிற் குற்றமில்லை, குற்றம் தசையிலேதான் என்றும், தசைநாரின் மேலுறை உடைந்து சிதைகிறது என்றும் எழுதினார். அந்த மேலுறைதான் நோயின் இருப்பிடம் என்பதை உலகம் முற்றாக ஒப்புக்கொள்ள இன்னும் 136 ஆண்டுகள் சென்றன. புகழ் சிலவேளை பிந்தி வந்தவரைச் சேரும். வரலாற்றில் இது புதிதன்று.

மெரியோன் அக்கட்டுரையை வாசித்த அதே காலத்தில் நம் வடமாகாணத்தில் நடந்தது என்ன? அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நம் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிரசவம் பற்றிய நூல்களைத் தமிழாக்கினார். அவர் 1873இல் நாடு திரும்பியபின் அந்தத் தமிழ் வைத்தியக் கல்வி மெல்ல அணைந்துபோயிற்று. அது அணையாது எரிந்திருப்பின் ‘தசைத் தேய்வு’ என்ற சொல் இன்று கிளிநொச்சிச் சந்தையிலும் புழங்கும் சொல்லாயிருக்கும் என்று எண்ணிப் பெருமூச்செறிவதைத் தவிர வேறு என்ன செய்வது?

நம்முடைய சித்த வைத்தியமோ இத்தகைய நோய்களை வாதத்துள் அடக்கிற்று. செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் ஈழத்து மண்ணில் எழுந்தவை. நம் பரியாரிமார் அவ்வழி நின்றவர்கள். எண்ணெய் பூசி மெல்லத் தடவுவதால் பிள்ளைக்குச் சுகம் உண்டு. இறுகிய மூட்டுத் தளரும். அதை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் குணமாக்குவோம் என்று சொல்லி மாதக்கணக்கிற் பணம் வாங்குவோரும், பலம் வருமென்று பிள்ளையைக் களைக்கக் களைக்க நடத்துவோரும், தசையைப் பிடித்து முறுக்குவோரும் செய்வது தீங்கு. ஏன் தீங்கு என்பதை அறிய நோயின் உட்கூறு தெரியவேண்டும்.

வன்னியில் வாழ்வோருக்கு அதைக் குளத்தைக் கொண்டே விளக்கலாம். பெருங்குளத்தின் கட்டு மண்ணாலானது. அலை வந்து மோதும் உட்புறத்திற் கல் அடுக்கியிருப்பர். அந்தக் கல் தண்ணீரைத் தேக்குவதில்லை, தேக்குவது மண்தான். ஆனால் கல் இல்லையேல், கச்சான் காற்றில் எழும் ஒவ்வோர் அலையும் ஒரு பிடி மண்ணைக் கொண்டுபோகும். நம் தசைநாரின் உறைக்கு உட்புறமாக நின்று அந்தக் கல்லின் வேலையைச் செய்வது டிஸ்ட்ரோபின் என்னும் புரதம். டுஷேன் நோயுள்ள பிள்ளையின் உடலில் இப்புரதம் உண்டாவதில்லை. ஆகவே தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் உறை கிழிகிறது; வெளியிலிருந்து கல்சியம் உள்ளே புகுகிறது; உள்ளிருக்கும் பொருள்கள் இரத்தத்துக்குக் கசிகின்றன. கசியும் பொருள்களுள் கிரியற்றின் கைனேஸ் என்ற நொதியம் ஒன்று. சிறு இரத்தப் பரிசோதனையால் அதனை அளக்கலாம்; நோயுள்ள பிள்ளைக்கு அது வழமையைவிடப் பன்மடங்கு, சிலவேளை நூறு மடங்கும் உயர்ந்திருக்கும். 1959இல் ஜப்பானில் எபாஷி முதலியோர் இதனைக் கண்டனர். இளம்வயதில் உடல் கிழிந்த தசையைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறது. ஒரு காலத்தில் திருத்தும் ஆற்றல் ஓய்கிறது. அப்போது தசையிருந்த இடத்திற் கொழுப்பும் நாரும் வந்து அடைகின்றன, குளத்தில் வண்டல் அடைவதுபோல. கெண்டைக்கால் பருத்திருந்ததன் இரகசியமும் இதுவே. இனிச் சொல்லுங்கள், கல்லில்லாத கட்டின்மேல் இன்னும் அலையை ஏவினாற் கட்டுப் பலக்குமா?

இப்புரதத்தைக் கண்ட வரலாறும் நம் நாட்டுக் காலண்டரோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது. 1983இல் இலண்டனிற் கே டேவிஸ் அம்மையாரும் துணைவரும் நோய்க்குரிய பரம்பரை அலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் எப்பகுதியில் உள்ளதென்று எல்லை குறித்தனர். இங்கோ அது ஆடிக் கலவர ஆண்டு. தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் அகதிகள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குவிந்த ஆண்டு. 1987 டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் லூயிஸ் குங்கலின் ஆய்வுகூடத்தார் டிஸ்ட்ரோபினைக் கண்டு பெயரிட்டனர். அவ்வேளை நம் ஊர்களில் இந்தியப் படையின் ஊரடங்கு. மனிதனுடைய பரம்பரை அலகுகளில் மிக நீண்டவற்றுள் இதுவும் ஒன்று: இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள் கொண்ட ஏடு, அதில் 79 பகுதிகள். எழுத்துக் கூடக்கூட ஏட்டிற் பிழையும் கூடும் என்பதைப் பிரதி எடுத்துப் பழகிய எவரும் அறிவர்.

இனித் தாயின் தலையிற் சுமத்திய பழிக்கு வருவோம். பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. தாயின் இரண்டில் ஒன்றிற் பிழையிருந்தாலும் மற்றையது ஓரளவு ஈடுசெய்வதால் அவளுக்கு நோய் பெரும்பாலும் தெரிவதில்லை. அவள் பெறும் ஒவ்வோர் ஆண்மகனுக்கும் நோய்வரும் வாய்ப்பு இரண்டிலொன்று. ஒவ்வொரு மகளும் அவளைப்போலத் தாங்கியாக வரும் வாய்ப்பும் இரண்டிலொன்று. ஒவ்வொரு பிறப்பும் காசைப் புதிதாய்ச் சுண்டுவதற்குச் சமம். முதற் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி அடுத்ததற்கு வராது என்பது கணக்கன்று. அதே வேளை, ஏறத்தாழ மூன்றிலொரு பிள்ளைக்குத் தாயிடமே பிழை இல்லை. கருவாகும் நிலையிற் புதிதாக நேர்ந்த பிழை அது. அத்தகைய தாயைப் பரம்பரையில் கெட்ட இரத்தம் கொண்டவள் என்று ஏசுவது பச்சைப் பொய்.

தாங்கியாக இருந்தாலென்ன? விக்ரோறியா மகாராணி நம் நாணயங்களிலெல்லாம் தலை பொறித்திருந்தவர். அவர் இதே முறையிற் பரவும் இன்னொரு நோயாகிய குருதி உறையா நோயின் தாங்கி. அவருடைய மகன் லெப்போல்ட் இளவரசர் அந்நோயால் 1884இல் இறந்தார். ருசியாவின் சார் மன்னன் மகனுக்கும் அது அவ்வழியே சென்றது. மகாராணியைப் பார்த்து, நீ என்ன பாவம் செய்தாய் என்று கேட்டவர் எவருமில்லை. கேள்வியெல்லாம் தருமபுரத்திலும் ஒட்டுசுட்டானிலும் கூலிக்குக் கச்சான் ஆயும் ஏழைத் தாயிடம்தான்.

நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் (ஊரும் பேரும் சொல்லோம்) மூத்தவனுக்கு நோய் என்று தெரிந்த ஆண்டே தந்தை வேறு குடித்தனம் போய்விட்டார். அவருடைய உறவினர் சொன்ன காரணம் முற்பிறப்பு வினை. வினைக்கொள்கையைப் பற்றி வாதாட இது இடமன்று. நாம் அதற்குத் தகுதியுடையோமும் அல்லோம். ஆனால் வினை என்பது ஒருவன் தன்னைத்தான் நோக்கி ஆராய்வதற்குச் சொல்லப்பட்டது. அயலாள் மேல் வழக்குப் போடுவதற்கன்று என்பதைப் பெரியோர் ஏற்பர் என நம்புகிறோம். எட்டுக் கோணலோடு பிறந்த அட்டாவக்கிரரைக் கண்டு சனகன் சபையில் நகைத்தோரின் கதையைப் புராண படனத்திற் கேட்டுத் தலையசைக்கும் நாம், நம் ஒழுங்கையில் விழுந்து விழுந்து நடக்கும் பிள்ளையைக் கண்டு நகைக்கலாமா?

மச்சான் மச்சாள் கலியாணம் பற்றியும் கேட்பார்கள். இதில் இரு பக்கமும் தவறான எண்ணம் உண்டு. டுஷேன் நோய்க்கும் சொந்தத்துக்குள் மணமுடிப்பதற்கும் தொடர்பில்லை. அது தாய்வழி எக்ஸ் மூலம் வருவது. ஆனால் இடுப்பையும் தோளையும் பற்றும் வேறு பல தசைத் தேய்வு வகைகளுக்கும், முள்ளந்தண்டு நரம்புக் கலங்கள் அழிவதாற் குழந்தையின் தசை தேயும் நோய்க்கும் தொடர்பு உண்டு. அவற்றில் தாய், தந்தை இருவரும் ஒரே பிழையின் ஒவ்வொரு பிரதியைத் தாங்கியிருந்தாற்றான் பிள்ளைக்கு நோய் வரும், நான்கிலொரு வாய்ப்பு. ஒரே பாட்டன் பாட்டியின் வழிவந்த இருவரிடம் ஒரே பிழை இருக்க இடம் அதிகம். அவ்வகை நோய்கள் பெண்பிள்ளைகளையும் ஆண்பிள்ளைகளையும் வேறுபாடின்றிப் பற்றும். குடியேற்றக் காலத்தில் வந்த குடும்பங்கள் பல தத்தம் பழைய ஊர்ச் சொந்தத்துக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்திருக்கின்றன. வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று நாம் கொடி பிடிக்கவில்லை. குடும்பத்தில் இத்தகைய நோய் கண்டிருந்தால், சாதகப் பொருத்தம் பார்க்கும் கையோடு வைத்தியரையும் பார்த்துவிடுங்கள் என்கிறோம்.

நோய் ஏன் இத்தனை காலம் அடையாளம் காணப்படாது போயிற்று? முதற் காரணம் இளம்பிள்ளை வாதம். 1962இல் இலங்கையில் அது பெருவாரியாகப் பரவியது. அவ்வாண்டே வாயாற் கொடுக்கும் சொட்டு மருந்தும் வந்தது. கால் சூம்பிய பிள்ளை என்றால் போலியோ என்று ஊர் முடிவுகட்டிய காலம் அது. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. போலியோ காய்ச்சலோடு திடீரென வந்து, பெரும்பாலும் ஒரு காலையோ கையையோ தாக்கி, அத்தோடு நின்றுவிடும். தசைத் தேய்வு காய்ச்சலின்றி, இருபுறமும் ஒப்ப, ஆண்டாண்டாய் முன்னேறும். நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993இல். 1995 முதல், சொட்டு மருந்து கொடுப்பதற்கென்று இரு தரப்பும் துப்பாக்கியை ஓய்த்த நாட்களும் இங்கு இருந்தன. அந்நாட்களை எமது மூத்த உறுப்பினர் பலர் மறந்திரார்.

இரண்டாவது காரணம் போர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னி வைத்தியசாலைகளில் அடிப்படை மருந்துக்கே தட்டுப்பாடு. பரம்பரை அலகைச் சோதிக்கும் மானிட மரபியல் பிரிவு கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. ஆனால் கிளிநொச்சித் தாய் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்பு செல்வதென்றால் பாஸ் எடுத்து, சோதனைச் சாவடி கடந்து, வவுனியாவிற் காத்துக்கிடக்கவேண்டும். 2002இல் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்ரில் மூடியது. அந்த நான்காண்டு இடைவெளியிற் போய் வந்தவர்களுக்கே நோயின் பெயர் தெரிந்தது.

2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வைப் பற்றி எழுதப் பலர் உளர். நாம் ஒன்றை மட்டும் பதிவுசெய்கிறோம். பதின்மூன்று வயது மகனை, நடக்கமாட்டாதவனை, முதுகிற் சீலையாற் கட்டிக்கொண்டு விசுவமடுவிலிருந்து கடற்கரைவரை இடம்விட்டு இடம் நகர்ந்த ஒரு தாயை அறிவோம். சக்கர நாற்காலி முதலாம் நாளே மணலிற் புதைந்ததாம், விட்டுவிட்டு நடந்தாராம். பதுங்குகுழிக்குள் மகனை இறக்குவதும் ஏற்றுவதுமே தமக்குப் பெரும்பாடாயிருந்தது என்றும், ஷெல்லைவிட அதை நினைத்தே பயந்ததாகவும் அவர் சொல்லக் கேட்டோம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அவனைப் பார்த்தோரெல்லாம் காயப்பட்ட பிள்ளை என்றே எண்ணினர். காயமில்லை என்று அறிந்ததும் பலருடைய இரக்கம் ஒரு படி இறங்கியதையும் அத்தாய் கவனித்திருக்கிறார். சக்கர நாற்காலியிலிருப்பவர் எல்லோரும் போரில் வலுவிழந்தவர் என்று எண்ணுவது இன்றும் வன்னியில் உள்ள வழக்கம். அவன் 2014இல், மூச்சுத் தளர்ந்து, பத்தொன்பதாவது வயதை எட்டும் முன் காலமானான். இறக்கும்வரை கிரிக்கெட் ஓட்டக் கணக்கு முழுவதும் அவன் நாவில் இருந்தது.

அவனுக்குக் கிடைக்காமற் போனது விலைமதிப்பற்ற மருந்தன்று. 1989இல் அமெரிக்காவில் 103 பிள்ளைகளை வைத்து ஆறு மாதம் நடத்திய பரிசோதனையில், பிரெட்னிசோன் என்ற சாதாரண ஸ்ரெறொயிட் குளிசை தசை வலுவைக் காப்பதாகக் காட்டினர். தொய்வுக்காரருக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோனும் இந்தக் குடும்பத்ததே. நோயைக் குணமாக்காது, ஆனால் நடக்கும் காலத்தை இரண்டு மூன்று ஆண்டு நீட்டும், முதுகு கோணுவதைக் குறைக்கும். உடல் பருக்கும், எலும்பு மெலியும் என்ற தீங்குகள் உண்டு. ஆதலால் வைத்தியர் அளந்து கொடுக்கவேண்டும், தொடங்கியபின் திடீரென நிறுத்தவே கூடாது. குதிகால் இறுகாமல் தினந்தோறும் மெல்ல நீட்டிவிடுவதும், இரவிற் பாதத்துக்கு அணையுறை பூட்டுவதும் வீட்டிலேயே செய்யத்தக்கவை. நீரில் மிதந்து விளையாடுவது நல்லது. இதயத்தை ஆண்டுக்கொருமுறை எக்கோ கருவியாற் பார்க்கவேண்டும். தாங்கியான தாயும் தன் இதயத்தைப் பார்த்துக்கொள்வது நன்று. காலையிலே தலையிடி, பகலில் தூக்கம், இரவில் அடிக்கடி விழிப்பு என்றால் மூச்சுத் தளர்கிறது என்று பொருள். முகமூடி வழியே காற்றூட்டும் கருவி அப்போது உயிரைக் காக்கும். முன்னாளில் இருபது வயதோடு முடிந்த வாழ்வு, இப்பராமரிப்புக் கிடைக்கும் நாடுகளில் முப்பதைக் கடந்து செல்கிறது.

இன்னொன்று. பல் பிடுங்குவதற்கோ, முறிவுக்கோ, வேறெதற்கோ மயக்கமருந்து கொடுக்கவேண்டி வந்தால், பிள்ளைக்கு இந்நோய் உண்டென்று முன்னரே சொல்லிவிடவேண்டும். வழமையாக ஏற்றும் மயக்கமருந்துகளிற் சில இப்பிள்ளைகளின் இதயத்தை நிறுத்திவிடும். நோய்த்துண்டின் பிரதியொன்றை எப்போதும் பையில் வைத்திருப்பது நன்று.

புதிய மருந்துகளைப் பற்றி வெளிநாட்டு உறவினர் தொலைபேசியில் நிறையச் சொல்கிறார்கள். 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு மருந்தின் விலை 32 இலட்சம் டொலர். 2025இல், நடக்கும் வலுவிழந்த இருவர் அதனை ஏற்றியபின் ஈரல் செயலிழந்து இறந்தமையால் அத்தகையோருக்கு அது நிறுத்தப்பட்டது. முள்ளந்தண்டு நரம்புவழித் தேய்வுக்கு 2016 முதல் வந்த மூன்று மருந்துகள் மெய்யாகவே பெரும் பயன் தருகின்றன. விலை மட்டும் நம்மவர்க்கு எட்டாதது. அறிவு எட்டவேண்டிய இடத்துக்கு எட்டிவிட்டது. பணம்தான் வழியில் நிற்கிறது.

நம்மைப்போன்ற மக்கள் என்ன செய்தனர் என்பதற்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. தமிழகத்துச் சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்னும் சகோதரிகள் இருவர். இருவரையும் சிறுவயதிலேயே தசைச் சிதைவு பற்றியது. தாம் எழும்ப இன்னொருவர் கை வேண்டியிருந்த நிலையிலும், 2009இல் ஆதவ் அறக்கட்டளை என்ற ஒன்றை நிறுவி, இந்நோயுற்ற பிள்ளைகளைத் தேடித் திரட்டி, உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் ஒன்றுகூடலுக்கும் இடம் ஆக்கினர். மூத்தவர் 2017இல் மறைந்தார். கோயம்புத்தூரில் மருத்துவ ஆய்வாளர் லட்சுமி நிறுவிய நிலையம் இரத்தத்திலிருந்து பரம்பரை அலகைச் சோதித்து, தாய்மாருக்கு ஆலோசனையும் கூறிவருகிறது. இமயமலைச் சாரலிலுள்ள சோலனில் 1992 முதல் நோயாளர்களே நடத்தும் சங்கம் ஒன்றிருக்கிறது. 2016இல் இந்தியா இயற்றிய மாற்றுத்திறனாளர் சட்டம் தசைச் சிதைவைப் பெயர்சொல்லியே பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோர் அனைவர்க்கும் உரியது. 2016இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் இலங்கை ஏற்றுக்கொண்டது. பாடசாலைப் படி மட்டும் இன்னும் படியாகவே இருக்கிறது.

பிறரைச் சொல்லிக்கொண்டிருந்த நாமும் யோக்கியரல்லர். எமது மன்றத்து வாசிகசாலைக்கு மூன்று படி. இரண்டாண்டுக்கு முன்வரை, நடக்கமாட்டாத பிள்ளை எவனும் உள்ளே வந்ததில்லை. வராதது ஏனென்று நாம் எவரும் எண்ணியதுமில்லை. ஒரு தாய் மகனை வாசலில் வைத்து வெளியிலிருந்தே பத்திரிகை கேட்டபோதுதான் எண்ணினோம். உடனே சிரமதானம் வைத்து, அரை நாளில் ஆறடி நீளத்தில் சீமெந்துச் சாய்வொன்று போட்டு, நாடா வெட்டிப் படமும் எடுத்தோம். அடுத்த நாள் அப்பையன் வந்தான். நாற்காலி பாதிவழியிற் பின்னோக்கிச் சரிந்தது. தாய் பிடித்திராவிட்டால் தலை அடிபட்டிருக்கும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டுமென்பது உலக விதி. எமது படிகளின் உயரம் ஒன்றரை அடி. ஆகவே பதினெட்டு அடி. படமெடுத்த சாய்வை இடித்துவிட்டு, மேசன் ஒருவரை வைத்து, மதிலோரமாக வளைத்துப் பதினெட்டடிக்குத் திரும்பக் கட்டினோம். கைபிடிக் குழாய்க்கு நிதி போதவில்லை. இம்மலரின் விற்பனையில் மிஞ்சுவது அதற்கே. பையன் இப்போது பின்னேரம் நான்கு மணிக்கு வந்து, விளையாட்டுப் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறான். மற்றவர்கள் அவன் முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள்.